குறுக்குப் பிடித்தால் பலகையா, நடையா?

28 மே 2025, மாலை 5.20. கேள்வி, காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி:

"எங்க அண்ணனுக்கு வயது 38. விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகில் பழுது வேலை நடக்கிறது. போன வாரம் இன்ஜின் மேல் இருக்கிற பலகையைத் தூக்கும்போது குறுக்கு பிடித்துக்கொண்டது. பதினைந்து நாள் மரப்பலகையில் மல்லாந்து படுக்கணும், எழுந்தால் ஜவ்வு விலகிடும் என்று ஆயா சொல்கிறது. ஒரு டாக்டர் நட என்கிறார், இன்னொருத்தர் ஸ்கேன் எடு என்கிறார். ஜூன் 15 படகு கிளம்பும். ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று இங்கே எழுதுகிறவர்கள் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். படுக்கணுமா, நடக்கணுமா?"

28 மே 2025, இரவு 10.50

நடக்கணும்.

ஆயாவைக் கோபித்துக்கொள்ளாதே. நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய எலும்பு டாக்டர்களே ஆயா சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் டாக்டர் இல்லை. மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன். தண்டையார்பேட்டையில் வீடு. பன்னிரண்டு வருஷமாகக் குறுக்கு வலி இருப்பதால் அதைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். அவ்வளவுதான் தகுதி.

1986-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. குறுக்கு வலியோடு வந்த 203 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை 2 நாள் படுக்கச் சொன்னார்கள், மறு பாதியை 7 நாள். 2 நாள் கூட்டம் வேலைக்கு மட்டம் போட்ட நாட்கள் மற்றவர்களைவிட 45 சதவீதம் குறைவு. வலியில் வித்தியாசம் இல்லை. அதாவது மிச்ச ஐந்து நாள் படுத்ததற்கு ஒரு பலனும் கிடையாது.

பிறகு 1995-இல் பின்லாந்து. ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேர், மூன்று கூட்டம். முதல் கூட்டத்துக்கு 2 நாள் முழுப் படுக்கை. இரண்டாவதற்கு முதுகை வளைக்கிற பயிற்சி. மூன்றாவது கூட்டத்துக்கு மருந்துக்கும் ஒன்றும் இல்லை. வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். பயிற்சி செய்தவர்கள்தான் முதலில் தேறினார்கள், படுத்தவர்கள் கடைசி.

மரப்பலகை விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2003-இல் ஸ்பெயினில் நாள்பட்ட குறுக்கு வலிக்காரர்கள் 313 பேருக்குப் பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்துப் பார்த்தார்கள். நடுத்தரம்தான் ஜெயித்தது. கெட்டி மெத்தைக்கே இந்த நிலைமை என்றால் பலகை எந்த மூலைக்கு?

29 மே 2025, காலை 6.15

நேற்று ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஹெல்சிங்கியில் முதலில் தேறியது பயிற்சி செய்த கூட்டம் இல்லை, ஒன்றுமே சொல்லாமல் அனுப்பப்பட்ட மூன்றாவது கூட்டம். படுத்தவர்கள் கடைசி என்பது மட்டும் சரி.

சின்னத் தப்பு இல்லை இது. பிடித்த முதல் வாரத்தில் 'முதுகை நிமிர்த்துகிறேன்' என்று யாரோ சொன்ன ஆசனத்தைப் போட்டு உடம்பை முறுக்கத் தேவையில்லை என்று அர்த்தம். பயிற்சிக்கு வேளை பின்னால் வரும். இப்போதைக்கு அண்ணன் டீக்கடைவரை நடந்து போய்வந்தால் போதும்.

2 ஜூன் 2025

ஸ்கேன் எடுக்கலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் கதையைச் சொல்கிறேன்.

2013-இல் எனக்கு முதன்முதலாகப் பிடித்தது. கடையில் பழைய லெட்ஜர் கட்டு ஒன்றை அடித்தட்டிலிருந்து எடுத்தேன். நாலு கிலோ இருக்குமா? அதற்கே இடுப்பில் யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் ஒரு இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த பையன், 'சார், நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு, அதான் டிஸ்க், பிதுங்கியிருக்கு, குனியவே குனியாதீங்க' என்றான். குனிவதை விடு, அன்றிலிருந்து தும்மவே பயந்தேன். செருப்பைக் காலால் துழாவி மாட்டுவேன். ஆறு மாதம் பெண்டாட்டிதான் குடம் தூக்கினாள். வலி போகவில்லை, ஏறியது.

பிறகு படித்தது இது. 1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் எம்ஆர்ஐக்குள் படுக்க வைத்தார்கள். பாதிக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு, எங்கேயாவது ஒரு டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். வலி இல்லாதவர்களை வைத்துச் செய்த இப்படிப்பட்ட ஆய்வுகளை 2015-இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள், மொத்தம் 3,110 பேர். இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், எண்பது வயதில் 96 சதவீதம். தலைமுடி நரைக்கிற மாதிரி. நரைத்த முடியைக் காட்டி, தலைவலிக்குக் காரணம் இதுதான் என்று யாராவது சொன்னால் சிரிப்போமா மாட்டோமா?

அந்தப் பையன் மேல் கோபம் இல்லை. படத்தில் இருந்ததைத்தான் சொன்னான். ஆனால் படத்தில் இருப்பதும் வலிக்கிற இடமும் ஒன்றுதான் என்று நானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அந்த ஆறு மாதம் என் முதுகைக் கெடுத்ததில் டிஸ்க்கைவிட அந்தத் தாளுக்குப் பங்கு அதிகம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

5 ஜூன் 2025

நேற்று எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஸ்கேன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவை இருந்தால் அன்றைக்கே ஓடணும்: மூத்திரம் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, உட்காருகிற இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, இரண்டு காலும் பலம் இழப்பது. விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி, இவற்றையும் சும்மா விடக்கூடாது.

அப்புறம் நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது. சாயங்காலம் காய்ச்சல், உடம்பு இளைப்பு, இரவில் வியர்வை, கூடவே விடாத முதுகு வலி என்றால் அது முதுகெலும்பு டிபியாக இருக்கலாம். வெளிநாட்டு முதுகு வலிப் புத்தகத்தில் அதற்கு ஓரமாக ஒரு வரி இருக்கும். வடசென்னையில் அதை ஓரத்தில் வைக்க முடியாது.

(மேலே 'நேற்று' என்று போட்டுவிட்டேன், மூன்று நாள் ஆகிறது. கணக்குப்பிள்ளைக்கே தேதி தப்புகிறது.)

6 ஜூன் 2025, இரவு

டிபி என்று எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. 'இந்த ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரன் உடம்புக்கு' என்று போன வாரம் ஒருத்தர் குத்தியிருந்தார். படுக்கைதான் மருந்து என்ற நம்பிக்கைக்கு ஒரு பெரிய அடி விழுந்ததே இந்த ஊரில்தான்.

1956-இல் சேத்துப்பட்டில் டிபி ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் டிபி என்றால் சானடோரியம். மாதக்கணக்கில் படுக்கை, நல்ல சாப்பாடு, நல்ல காற்று. மெட்ராஸ் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 பேரைப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பி, பாதிப் பேரைக் குடிசையிலேயே விட்டு, இரண்டு பக்கமும் அதே மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடி, அரைகுறைச் சாப்பாடு, வேலை எல்லாம் இருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. 1959-இல் முடிவு வெளியானது. குணப்படுத்தியது மாத்திரை, கட்டில் இல்லை. ஹெல்சிங்கிக்கு 36 வருஷம் முன்னால்.

முதுகெலும்பு டிபிக்கும் இதே கதைதான். கொரியாவில் ஒரு ஊரில் ஆறு மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள், இன்னொரு ஊரில் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுச் சட்டை போட்டுப் பார்த்தார்கள். நடமாடிக்கொண்டு மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஒரு பலனும் கூடுதலாக இல்லை. நம் சென்னையிலும் நடமாட விட்டு மாத்திரை கொடுத்தவர்களையும் அறுவை செய்தவர்களையும் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அறுவையால் கூடுதல் நன்மை தெரியவில்லை.

எலும்பையே அரிக்கிற நோய்க்குப் படுக்கை உதவவில்லை. அப்படியிருக்க அண்ணனுக்குப் பிடித்தது வெறும் பிடிப்பு.

11 ஜூன் 2025

முதுகுக்கு பெல்ட் கட்டலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சரி.

என்னிடமும் ஒன்று உண்டு. நாலு கம்பி வைத்தது, கறுப்பு. கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கலெக்டர் மாதிரி நிமிர்ந்து இருப்பேன். வியர்வையில் அரித்து எடுக்கும், அதுவும் மே மாதத்து மண்ணடியில். மூட்டை தூக்குகிறவர்கள் பெல்ட் கட்டினால் முதுகு வலி குறைகிறதா என்று அமெரிக்காவில் 160 கடைகளின் ஊழியர்களை வைத்துப் பார்த்ததில் குறையவில்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட குறுக்கு வலிக்கு வழிகாட்டுதல் போட்டது. 'வேண்டாம்' பட்டியலில் பெல்ட் இருக்கிறது, எடை கட்டி இழுப்பது இருக்கிறது, நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்போமே, அதில் ஒரு வகையும் இருக்கிறது.

கரண்ட் வைத்தால் சுகமாக இருக்குமே என்று கேட்காதீர்கள். இருக்கும். தைலம் தேய்த்தாலும் இருக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் அதற்கென்று லீவு போட்டு, ஷேர் ஆட்டோவில் குலுங்கிப் போய், திரும்பக் குலுங்கி வருவதற்கு அது தகுமா என்பதுதான் கேள்வி.

என் பெல்ட் இப்போது வவுச்சர் கட்டுகளைச் சேர்த்துக் கட்டப் பயன்படுகிறது. அருமையாகப் பிடிக்கிறது.

16 ஜூன் 2025

நேற்று முன்தினம் நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது. தம்பி எழுதியிருக்கிறான், அண்ணன் போய்விட்டாராம். எட்டு நாளில் வலி பாதிக்கு வந்தது, பெட்டிக்கடை வரை, பிறகு சூரியநாராயணச் செட்டித் தெரு வரை நடந்தாராம். பதினைந்தாம் தேதி படகு நிற்காது, அவரும் நிற்கவில்லை.

நல்லது. ஆனால் ஒரு பயம் எனக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அவ்வளவு நாளும் வலை இழுக்காத உடம்பு, முதல் தடவை வலை விட்டதுமே முழு வலையையும் இழுக்கணும், ஐஸ் உடைக்கணும், கூடை ஏற்றணும். விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்கிற ஆராய்ச்சியில் சொல்வார்கள், ஓய்ந்திருந்த உடம்பின் மேல் பளுவைத் திடீரென்று ஏற்றுவதுதான் அடிபட வழி என்று. கிரிக்கெட்காரனுக்குப் பந்து எத்தனை வீசினான் என்று எண்ண ஆள் இருக்கிறது. வலை இழுக்கிறவனுக்கு யார் எண்ணுகிறார்கள்? என் சித்தப்பா ராயபுரத்தில் இருந்தவரை, ஜூன் கடைசி வாரம் ஆனால் தைலம் வாசனை இல்லாத வீடு அந்தத் தெருவில் இருக்காது.

அடுத்த வருஷம் மே மாதமே வலை பின்னும் நேரம் போக, மணல் மூட்டையாவது கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பழகச் சொல் தம்பி. சிரிப்பார்கள். பரவாயில்லை.

22 ஜூன் 2025

'எங்க ஏரியா லோடுமேன்களுக்கு முதுகு வலியே வராது, ஏசியில் உட்காருகிறவனுக்குத்தான் வரும்' என்று வியாசர்பாடி அண்ணன் எழுதியிருக்கிறார். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கடை வாசலில் மீன்பாடி வண்டியில் கம்பி ஏற்றுகிறவர்களைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டிருக்கிறேன். பன்னிரண்டு எம்எம் கம்பி, முழு நீளம், ஒன்று பத்தரை கிலோவுக்குச் சற்று மேல். ஐந்து கம்பியைத் தோளில் போட்டு, துண்டைச் சும்மாடு வைத்து, நடுவில் ஒரு துள்ளல் கொடுத்து நடப்பார்கள். கம்பியின் இரண்டு முனையும் மேலும் கீழுமாக ஆடும், அந்த ஆட்டத்துக்குத் தோதாகவே கால் விழும். தாளம் தப்பாது.

அப்புறம் ஒருநாள் கூலிப் பேரேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்துதான். 2014-இல் இருந்த பதினோரு பேரில் இன்றைக்கு இருப்பவர்கள் மூன்று. மற்றவர்கள் எங்கே? ஒருத்தர் வாட்ச்மேன். ஒருத்தர் ஊருக்குப் போய்விட்டார். இரண்டு பேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். விசாரித்தால் பாதிக்கு மேல் 'இடுப்பு போச்சுண்ணே'. வலி வந்தவன் வேலையை விட்டுவிட்டான், நான் பார்த்துப் பொறாமைப்பட்டது மிஞ்சியவர்களை. ஆராய்ச்சிக்காரர்கள் இந்தக் கண்கட்டு வித்தைக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆக, வியாசர்பாடி அண்ணே, நம்ம இரண்டு பேர் கணக்கும் தப்பு.

அதற்காகச் சுமைதான் எல்லாம் என்றும் இல்லை. விமானம் செய்கிற போயிங் ஆலையில் 3,020 பேரைத் தொடர்ந்து கவனித்து 1991-இல் எழுதினார்கள். செய்கிற வேலை அநேகமாகப் பிடிக்கவே இல்லை என்று சொன்னவர்கள் முதுகு வலி என்று புகார் செய்தது, பிடித்துச் செய்தவர்களைப் போல இரண்டரை மடங்கு. தூக்குகிற முறையைச் சொல்லிக் கொடுத்தால் போதுமா என்று பார்க்க அமெரிக்கத் தபால் ஊழியர்கள் 2,500 பேருக்கு மேல் வகுப்பு எடுத்தார்கள். 1997-இல் பார்த்தால் வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 'முட்டியை மடக்கு, முதுகை மடக்காதே' என்கிற சுவரொட்டி எங்கள் கடையிலும் தொங்குகிறது. அதன் கீழேதான் சாப்பாட்டுக் கூடை வைப்போம்.

23 ஜூன் 2025

'பிடிக்காத வேலை என்றால் வலி பொய்யா?' என்று கொருக்குப்பேட்டை அக்கா கேட்டிருக்கிறார். இல்லை அக்கா. வலி முழுக்க நிஜம். கவலை, தூக்கமின்மை, கடன், முதலாளியின் வாய் எல்லாம் அந்த வலியை ஏற்றிவிடும். என் வலி ஏறுகிற நாள் எது தெரியுமா? ஜிஎஸ்டி கணக்குக் கட்டவேண்டிய 20-ஆம் தேதி. அன்றைக்கு நான் ஒரு பென்சிலைக்கூடத் தூக்குவதில்லை.

1 ஜூலை 2025

இந்தக் கேள்வி-பதில் இழை முதுகிலிருந்து முட்டிக்கு நகர்கிறது, அதனால் என் அம்மாவைப் பற்றி.

அம்மாவுக்கு 67. முப்பது வருஷம் காசிமேட்டில் உட்கார்ந்து மீன் வெட்டியவர். அருவாமனைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் ஏலம் முடிகிற வரை எழமாட்டார். இப்போது இரண்டு முட்டியும் வீங்குகிறது. ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்பார். நான் நம்பவில்லை, இறங்குவது சுலபம்தானே என்று. பெர்லினில் செயற்கை முட்டிக்குள்ளேயே அளக்கிற கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டி மேல் விழுகிற பாரம் உடல் எடையைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு, படி ஏறும்போது 3.2, இறங்கும்போது 3.5 மடங்கு. அம்மாதான் சரி.

குத்துக்காலும் சும்மா இல்லை. பெய்ஜிங்கில் வயதானவர்களைக் கேட்டு எழுதினார்கள்: இருபத்தைந்து வயதில் தினமும் எவ்வளவு நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தீர்கள் என்று. நிறைய நேரம் உட்கார்ந்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் கூடுதல். இதைப் படித்துவிட்டு, நம்ம ஊர்க் கழிப்பறை முட்டிக்கு நல்லது என்று முன்னால் இங்கே நான் எழுதிய பெருமையை வாபஸ் வாங்குகிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுவது வேறு, ஏலம் முடிகிறவரை உட்கார்வது வேறு.

'தேய்ந்துவிட்டது' என்ற சொல்தான் என்னைப் படுத்துகிறது. டயர் தேய்கிற மாதிரி, நடந்தால் இன்னும் தேயும், அதனால் நடக்காதே என்கிற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அமுங்கி விடும்போது உள்ளே இருக்கிற நீர் போய் வருவதால்தான் அது பிழைக்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும்.

அம்மா நடப்பதை நிறுத்தி எட்டு மாதம். தொடையைத் தொட்டுப் பார்த்தேன், மாவு மாதிரி இருந்தது.

3 ஜூலை 2025

ஆட்டுக்கால் சூப் குடித்தால் ஜவ்வு வளருமா? வளராது, வயிற்றில் செரித்துவிடும். குடிக்கலாமா? குடிக்கலாம். மிளகு தூக்கலாகப் போடச் சொல்லுங்கள்.

9 ஜூலை 2025

அம்மாவுக்கு என்ன செய்தோம் என்று கேட்டவர்களுக்கு.

டென்மார்க்கில் 2013-இலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கு இரண்டு வகுப்பு, பிறகு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, ஆள் பக்கத்தில் நின்று பயிற்சி. அதில் எனக்குப் பிடித்தது வலிக் கணக்கு. பத்துக்கு ஐந்து வரை வலித்தால் செய்யலாம், ஆனால் அடுத்த நாளுக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அளவைக் குறை. வலித்தால் நிறுத்து என்றும் இல்லை, வலித்தாலும் செய் என்றும் இல்லை. இந்த மூன்றாவது வழியை எனக்கு யாரும் சொன்னதே கிடையாது.

எங்கள் மாடியில் பக்கவாதம் வந்த தாத்தா ஒருவர் இருக்கிறார். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி செய்கிறவர் அவர் வீட்டுக்கு வருவார். அம்மா கதவோரம் நின்று பார்த்தே பாதி கற்றுக்கொண்டார். மீதி அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தது. முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து அமுக்குவது. காலை நீட்டி ஒரு சாண் தூக்கி ஐந்து எண்ணுவது. பிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது.

நாற்காலிதான் பரீட்சையும். முப்பது வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடியும் என்று எண்ணுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, செல்போனில் நேரம் வைத்தேன். அம்மா கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். முதல் தடவை எழும்போது முட்டி இரண்டும் 'கடக்' என்றது. மூன்றாவதில் மூச்சு வாங்கியது. ஐந்தாவதில் பாதியில் நின்று, விழுந்த மாதிரி உட்கார்ந்தார். நாலு. "ஐஸ் பாரையே புரட்டினவ நான், நாற்காலியிலிருந்து எழ வைக்கிறான் பார்" என்றார்.

14 ஜூலை 2025

முட்டிக்குள் கேமரா விட்டுக் கழுவுகிற ஆபரேஷன் பற்றிக் கேட்டவருக்கு: 2002-இல் ஹூஸ்டனில் தேய்மானக்காரர்கள் 180 பேரை வைத்து, சிலருக்கு நிஜமாகவும் சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துப் பொய்யாகவும் செய்தார்கள். இரண்டு வருஷம் பார்த்தார்கள். வித்தியாசமே இல்லை. முழு மூட்டு மாற்றுவது வேறு விஷயம், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முற்றிப் போனவர்களுக்கு அது நல்ல சிகிச்சைதான்.

ஆராய்ச்சி என்றால் எப்போதும் வெளிநாடுதானா என்ற கேள்விக்கு: ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே ஒரு துறை 1971-இலிருந்து இருக்கிறது. ஆர். வெங்கடசாமி தொடங்கியது. மெஷினில் கை கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் எவ்வளவு பேர் என்று எண்ணினால் அது ஏன் இங்கே வந்தது என்று புரியும். கை நரம்பு என்று நாம் சொல்கிற தசைநார் அறுந்து தைத்தால் முன்பெல்லாம் அசையாமல் கட்டிவைப்பார்கள், தைத்த இடம் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. இப்போது சீக்கிரமே, அளவோடு, ஆள் பக்கத்தில் நின்று அசைக்கிறார்கள். முதுகுக்குச் சொல்வதையேதான் விரலுக்கும் சொல்கிறார்கள் பாருங்கள்.

20 ஜூலை 2025, இரவு 11.30

இதுவரை எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இன்றைக்குக் கடையில்தான் தெரிந்தது.

எங்கள் லோடுமேன் ஒருவருக்குப் பிடித்து ஒன்பது நாள் ஆகிறது. நான்தான் இந்த இழையில் எழுதியதையெல்லாம் அவரிடம் ஓதினேன். படுக்காதே, முடிந்த அளவு வேலை செய், பளுவை மெல்ல ஏற்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, அரை மூட்டைன்னு ஒண்ணு இருக்குதா?" என்றார்.

இல்லை. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அமெரிக்காவில் தூக்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாம் வசதியாக இருக்கும்போதே 23 கிலோ என்கிறது. அதில் இரண்டு மடங்குக்கு மேல் நம் ஒரு மூட்டை. வந்தால் முழு மூட்டை, முழுக் கூலி. வராவிட்டால் பூஜ்யம். ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியருக்கு லீவு உண்டு, சம்பளம் உண்டு, மேசை வேலை உண்டு. அவரிடம் 'வலி விடுகிற அளவு வேலை செய்' என்றால் அந்த அளவு எங்காவது இருக்கும். இங்கே பூஜ்யத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் படியே கிடையாது. படுக்கச் சொன்ன டாக்டர் சொன்னதையும் இவரால் செய்ய முடியாது, நடக்கச் சொல்கிற நான் சொல்வதையும் செய்ய முடியாது.

மேஸ்திரியிடம் பேசினேன். இரண்டு வாரம் இவர் தூக்க வேண்டாம், கம்பி எண்ணட்டும், தராசுச் சீட்டு எழுதட்டும், பிறகு ஒற்றைக் கம்பி, அப்புறம் இரண்டு என்று. மேஸ்திரி ஒத்துக்கொண்டார். மற்றவர்கள் விடவில்லை. கூலி தலைக்கு இவ்வளவு என்று பிரிகிறது, எண்ணுகிறவனுக்கும் அதே பங்கா? நியாயம்தான், அவர்கள் முதுகு. அரை மணி நேரம் சத்தம். கடைசியில் முக்கால் பங்கு என்று முடிந்தது. கால் பங்கை முதலாளி தலையில் கட்டலாம் என்று பார்த்தேன். லெட்ஜரை மூடு என்றார்.

21 ஜூலை 2025

காசிமேட்டுத் தம்பி: 'படகிலும் இதுதான் அண்ணே. டீசல், ஐஸ் செலவு போகப் பங்கு. வலை இழுக்காதவனுக்கு எதற்குப் பங்கு என்பார்கள்.' ஆமாம்.

12 ஆகஸ்ட் 2025

நாள் ஆயிற்று எழுதி. லோடுமேன் இப்போது மூன்று கம்பி. ஐந்துக்கு இன்னும் வரவில்லை, முக்கால் பங்கு நின்று முழுப் பங்கு ஆனதால் அவருக்கே அவசரம், நான்தான் இழுத்துப் பிடிக்கிறேன். திரும்ப வருமா என்று கேட்கிறார். வரலாம். ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வருவது சகஜம். ஆஸ்திரேலியாவில் 2024-இல் 701 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நடைத் திட்டம் கொடுத்தவர்களுக்கு அடுத்த வலி வர நடுவில் 208 நாள் ஆனது, கொடுக்காதவர்களுக்கு 112. நடை, வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணிவரை மெல்ல ஏற்றியது, கூடவே பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பாடம். அவரிடம் சொன்னேன். 'மண்ணடியில எங்கண்ணே நடக்குறது, வண்டி விடுமா?' என்றார். காலையில் ராபின்சன் பூங்காவுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். நான் போகிறேனா என்று கேட்டார். இரண்டு நாளாகப் போகிறேன்.

அம்மா இன்று காலை நாற்காலியில் எட்டு. ஒன்பதாவது பாதி எழுந்தார், அதைச் சேர்க்கணும் என்று சண்டை. சேர்க்கவில்லை. முட்டி இன்னும் 'கடக்' என்கிறது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறார், ஆனால் மீன் வாங்க அவரே இறங்கிப் போகிறார், என்னை அனுப்பினால் பழைய மீனை வாங்கி வந்துவிடுவேனாம்.

காசிமேட்டு அண்ணன் நாலாவது தடவை கடலுக்குப் போயிருக்கிறாராம். ஆயாவின் பலகை என்ன ஆயிற்று என்று தம்பியிடம் கேட்டேன். மொட்டைமாடியில் கருவாடு காய்கிறதாம்.